நலம் விசாரிப்பும் மெய்யான மறுமொழியும்: அன்றாடப் பேச்சில் உறவு ஆழம் பெறும் விதம்

அறிமுகமான இருவர் சந்திக்கும்போது முதலில் பரிமாறிக்கொள்ளப்படும் பேச்சு பெரும்பாலும் நலம் பற்றியதே. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்பதும், 'நன்றாக இருக்கிறேன்' என்று மற்றவர் சொல்வதும், சொல்பவரின் உடல்நிலையும் மனநிலையும் பொருள்நிலையும் எவ்வாறிருந்தாலும் மாற்றமின்றி நடந்தேறுகின்றன. இந்த மாறாத்தன்மையைச் சுட்டிக்காட்டி, நலம் விசாரிப்பு உள்ளீடற்ற சடங்காகிவிட்டது என்றும், கேட்டவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினால் மனித உறவுகள் ஆழம் பெறும் என்றும் வாதிடும் போக்கு சுயமுன்னேற்ற நூல்களிலும் மனநலப் பரப்புரைகளிலும் வலுப்பெற்றுள்ளது. இவ்வாதத்தின் பிற்பாதிக்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. முற்பாதியோ நெருங்கிப் பார்த்தால் நிலைப்பதில்லை. அன்றாட உரையாடலை நுணுகி ஆராய்ந்த மொழியியலாளர், சமூகவியலாளர் ஆகியோரின் முடிவுகளையும், நெருக்கம் எவ்வாறு உருவாகிறது என்று ஆராய்ந்த உளவியலாளரின் முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வாய்பாடாகிப்போன மறுமொழி மெய்ம்மைக்குத் தடையாக இருப்பதில்லை என்பதும், சிறு விலகலைக்கூடக் கேட்கத்தக்கதாக ஆக்குவதே அந்த வாய்பாடுதான் என்பதும், மெய்யான மறுமொழி உறவாக மாறுவது சொன்னவரைக் காட்டிலும் கேட்டவரின் அடுத்த பேச்சைப் பொறுத்தது என்பதும் தெரியவருகின்றன.

செய்தி இல்லாத பேச்சின் பயன்

போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மானிடவியலாளர் புரோனிஸ்லா மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினிக்கு அருகிலுள்ள திரோப்ரியாண்ட் தீவுகளில் களப்பணி செய்தவர். ஆக்டனும் ரிச்சர்ட்சும் எழுதிய பொருண்மையியல் நூலுக்கு 1923ஆம் ஆண்டில் அவர் அளித்த பின்னிணைப்பில், கருத்தைத் தெரிவிப்பதற்காக அன்றி, கூடியிருப்பவர்களுக்கிடையே இணக்கத்தை உண்டாக்குவதற்காகவே நிகழும் பேச்சு வகை ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டினார். வானிலை பற்றிய குறிப்பு, கண்ணெதிரே தெரியும் ஒன்றைப் பற்றிய கூற்று, நலம் விசாரிப்பு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரை இதனை 'உறவுப் பேச்சு' என்று குறிக்கிறது. பேசாமல் நிற்கும் அயலான் அச்சத்தைத் தருகிறான். ஏதேனும் ஒன்றைச் சொல்லி மௌனத்தைக் கலைப்பதே அந்த அச்சத்தைப் போக்கும் முதல் செயல் என்பது மாலினோவ்ஸ்கியின் விளக்கம். பின்னர், 1960இல் வெளியான கட்டுரையில் மொழியின் ஆறு பணிகளை வகுத்த மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன், பேசுவோருக்கிடையே தொடர்பு திறந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் பணியை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்.

உறவுப் பேச்சில் வரும் 'நலம்' என்ற மறுமொழி பொய்யா என்பது மொழியியலுக்கு முன்பே மெய்யியலில் எழுந்த வினா. பொய்யை எந்நிலையிலும் ஏற்காதவராக அறியப்படும் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட், 1797இல் வெளியான அறவியல் நூலில், கடிதத்தின் இறுதியில் தம்மைப் 'பணிவுள்ள ஊழியன்' என்று ஒருவர் எழுதிக்கொள்வதைப் பொய்யாகக் கொள்ள வேண்டுமா என்ற ஐயத்தை எழுப்பி, அதனால் எவரும் ஏமாறுவதில்லை என்பதையும் குறிப்பிடுகிறார். தமிழில் இன்றும் அலுவலகக் கடிதங்களின் இறுதியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதப்படுவதைப் படிப்பவர் எவரும் எழுதியவரின் உண்மைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்வதில்லை. ஏமாற்றும் நோக்கமும் ஏமாறும் ஆளும் இல்லாத இடத்தில் பொய் என்ற சொல் பொருந்தாது என்ற அளவில் இவ்வாதம் வலுவானது. எனினும், நலம் விசாரிப்பு கடித முடிப்பைப் போல முழுவதும் உறைந்துபோன வாய்பாடு அன்று. உண்மையாகவே நலமில்லாதவர் அக்கேள்வியைச் சந்திக்கும் கணத்தில் தயக்கம் ஒன்று பிறக்கிறது என்பதே அதன் பொருள் இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்று.

வாய்பாட்டை மீறினால் நேர்வது

ஒரு வழக்கத்தின் வலிமையை அறிய அதை வேண்டுமென்றே மீறிப் பார்ப்பது அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் கையாண்ட முறை. அன்றாட வாழ்வின் ஒழுங்கைச் சாதாரண மக்கள் எவ்வாறு தாமே கட்டிக்காக்கின்றனர் என்பதை ஆராய்ந்த அவர், 1967இல் வெளியிட்ட நூலில், தம் மாணவர்கள் செய்த மீறல் சோதனைகள் சிலவற்றைப் பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஒன்றில், அறிமுகமான ஒருவர் கையசைத்து நலம் விசாரித்தபோது, எந்த வகையில் நலம் என்று கேட்கிறீர்கள், உடல்நலமா, பணநிலையா, படிப்பா, மன அமைதியா என்று மாணவர் திருப்பிக் கேட்டார். விசாரித்தவர் முகம் சிவந்து, தாம் மரியாதைக்காகக் கேட்டதாகவும், உண்மையில் அவருடைய நலத்தைப் பற்றித் தமக்கு எந்த அக்கறையும் இல்லை என்றும் சினந்து கூறிவிட்டார். இந்நிகழ்வை மனிதரின் போலித்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் மாணவர் செய்தது நேர்மையான மறுமொழி அன்று. கேள்வியின் சொற்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் வழியே நீட்டப்பட்ட அங்கீகாரத்தைப் புறக்கணித்த செயல் அது. விசாரித்தவருக்குச் சினமூட்டியது இந்தப் புறக்கணிப்பே.

மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் மரியாதைத் தொடர்களைப் பற்றி 1976இல் எழுதிய கட்டுரையும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. தம் செயலர் காலையில் சொல்லும் வாழ்த்துக்குப் புன்னகையுடன் தலையசைத்துவிட்டு, சொல்லால் மறுமொழி தராமல் இருந்து பார்த்தார் அவர். வழக்கமான நட்புடனேயே நடந்துகொண்டபோதும், சொல் ஒன்று குறைந்ததே இருவரிடையே பதற்றத்தை உண்டாக்கப் போதுமானதாக இருந்தது. வாழ்த்துக்கு மறுமொழி தராமையும், அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதும் ஒரே விளைவைத் தருகின்றன: நீங்கள் எனக்குப் பொருட்டானவர் என்ற உறுதிமொழி முறிந்துபோகிறது. ஆகவே, நலம் விசாரிப்பில் மெய்யைக் கொண்டுவர விரும்புவோர், முதலில் அந்த உறுதிமொழியைக் காத்தாக வேண்டியுள்ளது.

இரு விதிகளின் இடைவெளி

நலம் விசாரிப்பின் உள்ளமைப்பை மிகத் துல்லியமாக ஆராய்ந்தவர் ஹார்வி சாக்ஸ். உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, யார் எந்தக் கணத்தில் எதைச் சொல்கிறார், அதற்கு அடுத்தவர் எதைச் செய்கிறார் என்று வரிவரியாக ஆராயும் 'உரையாடல் பகுப்பாய்வு' என்னும் துறையை, இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகியோருடன் சேர்ந்து நிறுவியவர் அவர். 1975இல் வெளியான, எல்லோரும் பொய் சொல்லியாக வேண்டியுள்ளது என்னும் கருத்தையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையில், நலம் விசாரிக்கும் கேள்விக்கான விடைகளை அவர் மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நன்று என்னும் பொதுநிலை விடைகள் ஒரு தொகுதி. மிகச் சிறப்பு என்னும் உயர்நிலை விடைகள் மற்றொன்று. மோசம் என்னும் தாழ்நிலை விடைகள் மூன்றாவது. பொதுநிலை விடை வந்தவுடன் விசாரிப்பு முடிந்து, உரையாடல் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. உயர்நிலை அல்லது தாழ்நிலை விடை வந்தால், ஏன், என்ன நேர்ந்தது என்று காரணம் கேட்க வேண்டிய கடமை விசாரித்தவரைச் சேர்கிறது. காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமை விடை தந்தவரைச் சேர்கிறது.

சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது. யார் யாரிடம் நலம் விசாரிக்கலாம் என்னும் விதி மிகத் தளர்வானது; ஓரளவு அறிமுகம் உள்ள எவரும் கேட்கலாம். யார் யாரிடம் தம் துன்பத்தைச் சொல்லலாம் என்னும் விதியோ இறுக்கமானது. சில செய்திகள் சிலருக்கு மட்டுமே உரியவை, அவர்களுள்ளும் சிலருக்கு முதலில் சொல்லப்பட வேண்டியவை. மருத்துவச் சோதனையின் முடிவைக் கணவரிடமோ மனைவியிடமோ இன்னும் தெரிவிக்காத ஒருவர், அதைப் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்த பழைய சக ஊழியரிடம் சொல்வதற்கில்லை. விசாரிக்கும் உரிமை பரந்தும், அறியும் உரிமை குறுகியும் இருப்பதால் உண்டாகும் இந்த இடைவெளியிலேயே பொய் பிறக்கிறது என்பது சாக்ஸின் முடிவு. அவ்வகையில் அது தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடு ஆகாது. இரு நியாயமான விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் ஏற்படும் கட்டாயமே அது. எல்லாக் கேள்விக்கும் மெய்யான மறுமொழி என்ற அறிவுரை, இரண்டாம் விதியைக் காணாமல் விட்டுவிடுகிறது. துன்பத்தை முதலில் அறிய வேண்டியவர் கடைசியில் அறிய நேர்ந்தால், ஆழப்பட வேண்டிய உறவே புண்படும்.

ஷெக்லாஃப் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. தொலைபேசி உரையாடல்களின் தொடக்கத்தை ஆராய்ந்த அவர், அழைப்பும் விடையும், அடையாளம் காணுதல், வாழ்த்து, நலம் விசாரிப்பு என்ற நான்கு படிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியதோடு, அந்த வழக்கமான தன்மைகூடத் தானாக நிகழ்வதன்று, இருவரும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் உழைத்து உண்டாக்குவது என்றும் நிறுவினார். 'நன்றாக இருக்கிறேன்' என்ற விடை, இப்போது அவசரச் செய்தி எதுவும் இல்லை, நீங்கள் அழைத்த காரியத்தைச் சொல்லலாம் என்று வழிவிடும் செயலாகும். நலம் விசாரிப்பு அந்த இடத்தில் அமைந்திருப்பதன் பயனும் இதுவே: அவசரச் செய்தி இருந்தால் அதை மற்ற எல்லாவற்றுக்கும் முன் வைக்க ஒரு வாய்ப்பு ஒவ்வொரு உரையாடலிலும் கட்டாயமாகத் திறக்கப்படுகிறது. அதைப் பெரும்பாலோர் பெரும்பாலும் பயன்படுத்தாமல் கடந்துபோவதால் மட்டும் அது பயனற்றதாகிவிடாது.

இடைப்பட்ட மறுமொழி

பொதுநிலை விடைக்கும் தாழ்நிலை விடைக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு என்பதைக் கண்டவர் கெயில் ஜெஃபர்சன். துன்பத்தைச் சொல்லும் உரையாடல்களைத் தொகுத்து ஆராய்ந்த அவர், 1980இல் வெளியிட்ட கட்டுரையில், வழக்கமான விடையிலிருந்து ஒரு படி மட்டும் தாழ்ந்த மறுமொழிகள் துன்பத்தின் முன்னறிவிப்பாக வருவதைக் காட்டினார். தமிழில் 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்குப் பதில் 'பரவாயில்லை' என்று சற்று இழுத்துச் சொல்வது இதற்கு ஒப்பானது. இத்தகைய மறுமொழி காரணம் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தைக் கேட்டவர்மேல் சுமத்துவதில்லை; கேட்கலாம் என்ற வாய்ப்பை மட்டும் தருகிறது. கேட்பவர் நிதானித்து 'ஏன், என்ன ஆயிற்று?' என்றால் பேச்சு துன்பத்தை நோக்கித் திரும்பும்; அதைக் கவனிக்காததுபோல அடுத்த பொருளுக்குப் போனால், இருவருக்கும் முகமுறிவு நேராமல் உரையாடல் தொடரும். முதலில் கைவிடப்பட்ட துன்பம் அதே உரையாடலின் பிற்பகுதியில் வெளிப்படுவதும் உண்டு.

மெய்யான மறுமொழியைப் பற்றிய விவாதத்தில் இக்கண்டுபிடிப்பு மையமானது. உள்ளதை முழுவதும் கொட்டுவது, முழுவதும் மறைப்பது என்ற இரண்டே வழிகள் இருப்பதாகக் கருதுவோர், மொழிச் சமூகம் நெடுங்காலமாகப் பழகிவரும் மூன்றாம் வழியைக் காணத் தவறுகின்றனர். அதோடு, ஒரு படி தாழ்ந்த விடை 'தாழ்ந்தது' என்று செவிக்குப் புலப்படுவதற்குக் காரணமே, தாழாத விடை எது என்று எல்லோருக்கும் ஐயமறத் தெரிந்திருப்பதுதான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் தத்தம் நிலையைப் புதிய சொற்களில் விவரிக்கும் ஒரு சமூகத்தில், குரல் இழுப்பாலோ ஒரு சொல் மாற்றத்தாலோ துன்பத்தைக் குறிப்பாக உணர்த்துதல் இயலாது. சொன்னால் முழுவதும் சொல்ல வேண்டும், இல்லையேல் வாய்மூட வேண்டும்.

தமிழ் வழக்கிலும் பிற வழக்குகளிலும்

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில உரையாடல்களை ஆதாரமாகக் கொண்டவை. தமிழ் வழக்கு அவற்றோடு பொருந்தும் இடங்களும் விலகும் இடங்களும் கவனத்துக்குரியவை. சாக்ஸ் வகுத்த மூன்று தொகுதிகளுள் உயர்நிலை விடை தமிழில் அரிது. தன் வாழ்வு மிகச் செழிப்பாக இருப்பதாக ஒருவர் வாய்விட்டுச் சொல்வது கண்ணேறுக்கு இடமளிக்கும் என்ற அச்சமும், தற்பெருமையாகத் தோன்றும் என்ற கூச்சமும் சேர்ந்து, நல்ல நிலையில் இருப்பவரையும் 'ஏதோ போகுதுங்க', 'உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்' என்று அடக்கிச் சொல்ல வைக்கின்றன. இலங்கைத் தமிழரிடையே 'எப்படிச் சுகம்?' என்ற கேள்விக்கு 'ஏதோ இருக்கிறம்' என்ற விடையும் இத்தகையதே. இதனால் தமிழின் பொதுநிலை விடை, துன்பத்தை மறைப்பது போலவே மகிழ்ச்சியையும் மறைக்கிறது. அதைக் கேட்பவர், சொல்லைவிடச் சொல்லும் குரலையும் முகத்தையும் சார்ந்தே பொருள்கொள்ள வேண்டியுள்ளது.

முகத்தைப் பார்த்துத் தொடங்கும் விசாரிப்பு முறை ஒன்றும் தமிழில் வலுவாக உள்ளது. 'என்ன, இப்படி இளைச்சுப் போயிட்டே?', 'முகம் ஏன் வாடியிருக்கு?' என்று கேட்பவர் கண்ட சான்றை முன்வைத்துத் தொடங்கும்போது, 'நல்லா இருக்கேன்' என்ற வாய்பாடு போதுமான விடையாவதில்லை. கண்ட மாற்றத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், அல்லது மாற்றமே இல்லை என்று மறுக்க வேண்டும். உரிமையுள்ள உறவினரும் நெருங்கிய நண்பரும் இம்முறையை மிகுதியாகக் கையாள்வது தற்செயலன்று; அறியும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவர்கள் கேள்வியின் வடிவத்திலேயே நிலைநாட்டுகின்றனர். அவ்வாறே, 'அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?', 'பையனுக்கு வேலை கிடைத்ததா?' என்று முன்பு கேட்டறிந்த ஒன்றைத் தொடர்ந்து விசாரிப்பது, பொதுவான கேள்வியைவிட எளிதில் மெய்யான விடையைப் பெறுகிறது. முன்பு சொன்னது நினைவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே மேலும் சொல்லத் தூண்டுதலாகிறது.

வாய்பாடும் மெய்யும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதற்குத் தமிழ்க் கடித மரபு தெளிவான சான்று. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் கடிதம், 'நிற்க' என்ற ஒற்றைச் சொல்லில் வாய்பாட்டை முடித்துக்கொண்டு, நோயும் கடனும் மனத்தாங்கலும் அடங்கிய உண்மைச் செய்திக்குள் நுழையும். முதல் வரியில் நலம் என்று எழுதியவர் ஐந்தாம் வரியில் தம் காய்ச்சலைப் பற்றி எழுதுவதை எவரும் முரண்பாடாகக் கொண்டதில்லை. உரோமானியரும் தம் கடிதங்களை, நீர் நலமாயின் நன்று, யானும் நலம் என்னும் பொருள்பட்ட வாய்பாட்டோடு தொடங்கினர். அவ்வழக்கத்தைத் தம் பதினைந்தாம் கடிதத்தில் நினைவுகூரும் உரோமானிய மெய்யியலாளர் செனெகா, உள்ளத்தைப் பண்படுத்தாத நலம் முழுமையான நலமாகாது என்ற தம் கருத்துக்கு அதையே வாயிலாக்கிக்கொண்டார்.

நலம் விசாரிப்புக்குச் செய்தி மதிப்பே இல்லை என்ற மாலினோவ்ஸ்கியின் வழிவந்த கொள்கையை மொழியியல் மானிடவியலாளர் அலெஸ்ஸாண்ட்ரோ துராந்தி 1997இல் மறுத்தார். சமோவாத் தீவில், வழியில் எதிர்ப்படுவோர் 'எங்கே போகிறாய்?' என்று கேட்பதே வழக்கமான முகமன் என்றாலும், அதற்கு ஆயத்தமான விடை ஒன்றைச் சொல்லித் தப்ப இயலாது. கேட்டவர் விடையை உண்மையாகவே அறிய விரும்புகிறார், அதன்வழி ஊர் தன் உறுப்பினரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கிறது என்பது அவர் கண்டது. வெளியே புறப்படுபவரிடம் இதே கேள்வியைக் கேட்பது தமிழரிடையே தகாததாகக் கருதப்பட்டு, 'தூரமா?' என்ற தளர்ந்த கேள்வி அதற்குப் பதிலாக வழங்குவதை இதனோடு ஒப்பிடலாம். முழு விடையை வற்புறுத்தும் வழக்கும், விடை தராமல் இருக்கும் உரிமையைக் கேள்வியிலேயே வைத்துத் தரும் வழக்கும் உலகில் அருகருகே உள்ளன. எனவே மெய்யான மறுமொழி எல்லா இடத்திலும் ஒரே அளவில் நன்மை தரும் என்று கொள்வதற்கில்லை. அது நெருக்கத்துக்கும் பயன்படும், கண்காணிப்புக்கும் பயன்படும்.

நெருக்கம் உருவாகும் முறை

ஒருவர் தம்மைப் பற்றிய, பிறர் எளிதில் அறிய இயலாத செய்திகளை விரும்பிப் பகிர்வதை உளவியலாளர் 'தன்வெளிப்பாடு' என்கின்றனர். இதைப் பற்றிய பல ஆய்வுகளை நான்சி காலின்சும் லின் மில்லரும் 1994இல் ஒருங்கே தொகுத்து ஆராய்ந்து, மூன்று விளைவுகளை உறுதி செய்தனர்: தம்மை வெளிப்படுத்துவோரைப் பிறர் விரும்புகின்றனர், தாம் விரும்புவோரிடமே மனிதர் மிகுதியாகத் தம்மை வெளிப்படுத்துகின்றனர், வெளிப்படுத்திய பின், யாரிடம் வெளிப்படுத்தினரோ அவர்மேல் விருப்பம் கூடுகிறது. மூன்றாவது விளைவு குறிப்பிடத்தக்கது. நம்பிப் பேசுவது நம்பிக்கையின் விளைவாக இருப்பதோடு, அதன் காரணமாகவும் அமைகிறது.

ஆயினும் வெளிப்பாடு மட்டுமே நெருக்கத்தை உண்டாக்கிவிடாது. ஹாரி ரைஸ், ஃபிலிப் ஷேவர் இருவரும் 1988இல் முன்வைத்த கொள்கைப்படி, நெருக்கம் என்பது ஒருவர் சொல்வதில் தொடங்கி, மற்றவரின் எதிர்வினை வழியாகச் சென்று, அந்த எதிர்வினையை முதலாமவர் எவ்வாறு உணர்கிறார் என்பதில் முடிவடையும் நிகழ்வு. தாம் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டோம், மதிக்கப்பட்டோம், தம்மீது அக்கறை காட்டப்பட்டது என்ற மூன்று உணர்வுகளும் கிடைத்தால்தான் சொன்ன செய்தி நெருக்கமாக மாறுகிறது. ழான்-ஃபிலிப் லோரன்சோவும் உடன் ஆய்வாளர்களும் நாட்குறிப்பு முறையில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வுகள் இக்கொள்கையை ஆதரித்ததோடு, வெறும் செய்தியைப் பகிர்வதைக் காட்டிலும் உணர்வைப் பகிர்வதே நெருக்கத்தோடு வலுவாக இணைந்திருப்பதைக் காட்டின. வேலை போய்விட்டது என்று தெரிவிப்பது செய்தி. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அஞ்சுவதாகக் கூறுவது உணர்வு.

வெளிப்பாட்டின் வேகமும் அளவும் கருதத்தக்கவை. ஆர்தர் ஆரனும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், முன்பின் அறியாத இருவர் 36 கேள்விகளை மாறிமாறிக் கேட்டு விடைகூறினர். ஏறத்தாழ 45 நிமிடங்களில் முடிந்த இந்த உரையாடலில் கேள்விகள் எளியவற்றில் தொடங்கிப் படிப்படியாக அந்தரங்கமானவற்றை நோக்கிச் சென்றன. சாதாரணப் பேச்சில் மட்டும் ஈடுபட்ட இணைகளைவிட இவர்கள் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தனர். இருவரும் மாறிமாறி வெளிப்படுத்தியமையும், ஆழம் படிப்படியாகக் கூடியமையுமே இம்முறையின் அடிப்படை. ஜெஃபர்சன் கண்ட ஒரு படி தாழ்ந்த மறுமொழியும் இதே தர்க்கத்தில் இயங்குகிறது: சிறிது காட்டி, ஏற்கப்படுகிறதா என்று பார்த்து, பின் மேலும் காட்டுவது. ஆய்வுக்கூடத்தில் 36 கேள்விகளால் செய்யப்பட்டதை அன்றாட வாழ்வில் நலம் விசாரிப்பு பல நாட்களில், பல சந்திப்புகளில் செய்கிறது.

தயக்கத்தின் தவறான கணிப்பு

படிப்படியான வெளிப்பாட்டுக்கு மொழியே வழி வைத்திருக்கும்போதும் மனிதர் அதைக் குறைவாகவே பயன்படுத்துவது ஏன் என்ற வினாவுக்கு அண்மை ஆய்வுகள் விடை தருகின்றன. மைக்கேல் கார்டஸ், அமித் குமார், நிக்கலஸ் எப்லி மூவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி, 1,800க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 12 சோதனைகளைக் கொண்டது. ஆழ்ந்த உரையாடல் சங்கடம் தரும் என்று பங்கேற்றோர் முன்கூட்டியே கணித்த அளவைவிட, உண்மையில் உணர்ந்த சங்கடம் குறைவாகவும், கிடைத்த இணக்கம் கூடுதலாகவும் இருந்தன. அயலார் தம்மீது காட்டக்கூடிய அக்கறையை மனிதர் குறைத்து மதிப்பிடுவதே இப்பிழைக்குக் காரணம் என்பது ஆய்வாளர் முடிவு. எம்மா லெவின், டாயா கோஹன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்விலும், சில நாட்கள் முழு நேர்மையுடன் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டோர், அது தாம் எதிர்பார்த்ததைவிட இனிமையாகவும் உறவை வளர்ப்பதாகவும் இருந்ததாகத் தெரிவித்தனர்.

இதிலிருந்து சிறுபேச்சு கேடு என்ற முடிவுக்குத் தாவுதல் தவறு. மத்தியாஸ் மேல் என்பவரும் அவர் குழுவினரும் 79 மாணவர்களின் அன்றாட ஒலிகளை நான்கு நாட்கள் இடைவிட்டுப் பதிவு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, மகிழ்ச்சி மிக்கோரிடம் சிறுபேச்சு குறைவாகவும் கருத்துள்ள உரையாடல் மிகுதியாகவும் இருப்பதாகக் காட்டியது. 486 பேரின் பதிவுகளைக் கொண்டு 2018இல் வெளியான தொடர் ஆய்வில், கருத்துள்ள உரையாடலுக்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு நிலைத்தது. சிறுபேச்சு மனநிறைவைக் குறைக்கிறது என்ற முடிவோ நிலைக்கவில்லை. நெருக்கத்தை வளர்க்க வாய்பாட்டுப் பேச்சை ஒழிக்கத் தேவையில்லை என்பது இவ்வகையிலும் உறுதியாகிறது.

மெய்ம்மையின் எல்லைகள்

மூன்று சூழல்களில் மெய்யான மறுமொழி தனக்கே உரிய சிக்கல்களைக் கொண்டுள்ளது. முதலாவது, ஏற்றத்தாழ்வுள்ள உறவு. செனகலில் வாழும் வோலோஃப் மக்களின் முகமன்களை ஆராய்ந்த ஜூடித் அர்வைன், தாழ்நிலையில் இருப்பவரே முதலில் அணுகி விசாரிக்க வேண்டும் என்ற நியதியையும், சிலர் பொருளுதவி கேட்பதற்கு வசதியாகத் தம்மை வேண்டுமென்றே அந்த நிலையில் வைத்துக்கொள்வதையும் 1974இல் விளக்கினார். நலம் விசாரிப்பு எங்கும் அதிகாரத்தோடு பின்னியிருப்பது இதனால் விளங்கும். மேலதிகாரி விசாரிக்கும்போது ஊழியர் தரும் மெய்யான விடை, விடுப்பு, பணி உயர்வு, பணி நீக்கம் பற்றிய முடிவுகளில் போய்ச் சேரக்கூடும். அங்கே 'நன்றாக இருக்கிறேன்' என்பது தற்காப்பு.

இரண்டாவது, மருத்துவ அறை. அங்கு விசாரிப்பு முகமனா, நோயைப் பற்றிய முதல் வினாவா என்பது தெளிவற்றது என்பதால், 'நல்லா இருக்கேன் டாக்டர்' என்று சொன்ன நோயாளி அடுத்த வரியில் நெஞ்சுவலியை விவரிக்கிறார். முதியோரின் மருத்துவ அனுபவங்களைப் பற்றிய நேர்காணல்களின் தொடக்கத்தில் கேட்கப்பட்ட நலம் விசாரிப்பை ஆராய்ந்து ஜஸ்டின் கூப்லாண்டும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் எழுதிய கட்டுரை, உறவுப் பேச்சுக்கும் செய்திப் பேச்சுக்கும் நிலையான எல்லைக்கோடு இல்லை என்றும், அக்கணத்தில் இருவரும் அதை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது என்றும் வாதிட்டது. மூன்றாவது, துன்பத்தையே திரும்பத் திரும்பப் பேசும் நட்பு. அமண்டா ரோஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வு, சிக்கல்களையே இடைவிடாது சேர்ந்து அலசும் சிறாரிடையே நட்பின் நெருக்கமும், அதோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே காணப்படுவதைக் காட்டியது. நெருக்கம் வளர்வதாலேயே நலமும் வளரும் என்று கொள்ள இயலாது.

கேட்பவரின் பங்கு

ஆஸ்திரேலியாவில் விளம்பரத் துறையைச் சேர்ந்த கேவின் லார்கின், தம் தந்தை தற்கொலையால் இறந்ததைத் தொடர்ந்து, 2009இல் தொடங்கிய இயக்கம், நீ நலமா என்ற கேள்வியையே தன் பெயராகக் கொண்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை அதற்குரிய நாளாக அந்நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. இவ்வியக்கம் தன் பரப்புரையைத் துன்பத்தில் இருப்பவரை நோக்கி, உள்ளதைச் சொல் என்று அமைக்காமல், அவரைச் சுற்றியிருப்பவரை நோக்கி அமைத்தது. கேட்டல், செவிமடுத்தல், உதவி நாடத் தூண்டுதல், சில நாட்கள் கழித்து மீண்டும் விசாரித்தல் என்ற நான்கு படிகளை அது கற்பிக்கிறது. இவற்றுள் முதல் படி மட்டுமே வழக்கமான நலம் விசாரிப்பில் உள்ளது. எஞ்சிய மூன்றும் விடை வந்த பின் கேட்டவர் செய்ய வேண்டியவை. சாக்ஸ் குறிப்பிட்ட, காரணம் கேட்கும் கடமையை இது விரும்பி ஏற்கும் பொறுப்பாக மாற்றுகிறது. ரைஸ், ஷேவர் கொள்கை கூறும் எதிர்வினைக்கு நடைமுறை வடிவம் தருகிறது. நான்காம் படியோ, முன்பு சொன்னதை நினைவில் வைத்துத் தொடர்ந்து கேட்கும் தமிழ் வழக்கோடு ஒத்துப்போகிறது.

அன்றாட நலம் விசாரிப்பில் மெய்யைச் சொல்ல வேண்டுமா என்ற வினா, தவறான ஆளிடம் கேட்கப்படும் வினா என்பது இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படும் முடிவு. விடை சொல்பவருக்கு வேண்டிய கருவிகளை மொழி ஏற்கெனவே தந்துள்ளது: கடந்துபோக விரும்பினால் வாய்பாடு, சொல்ல விரும்பினால் ஒரு படி தாழ்ந்த மறுமொழி, உரியவரிடம் முழு வெளிப்பாடு. அவர் எதைத் தேர்வது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவர் கேட்பவரே. நின்று கேட்க நேரமில்லாதபோது விசாரிப்பை முகமனாக மட்டும் வைத்துக்கொள்வதும், உண்மையை அறிய விரும்பினால் குறிப்பான ஒன்றைச் சுட்டிக் கேட்பதும், 'பரவாயில்லை' என்ற இழுப்பு காதில் விழும்போது அடுத்த பொருளுக்கு ஓடாமல் ஒரு கேள்வியைக் கூட்டுவதும், சொல்லப்பட்டதை மறவாமல் அடுத்த சந்திப்பில் தொடர்வதும் அவருடைய பணிகள். இவை நடைபெறும் உறவில் மெய்யான மறுமொழியை எவரும் அறிவுறுத்த வேண்டியதில்லை. இவை இல்லாத உறவில் அதை வற்புறுத்துவது, துன்பப்படுபவர்மேல் இன்னொரு கடமையைச் சுமத்துவதாகவே முடியும்.